மூன்று நாள் காய்ச்சல்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் குட்டியும் நலமா? உன் மாமியாருக்கு முழங்கால் வலி குறைந்ததா? வழக்கம்போல இதையும் நீ வேலை பார்க்கும் நூலகத்து முகவரிக்கே அனுப்புகிறேன். தொலைபேசியில் நீ "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்று சொற்களைத் தாண்டுவதில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்கிறேன். எனக்கும் பேச்சைவிட எழுத்துதான் வரும். வாயில்லாப் பூச்சி என்று நீ வைத்த பெயரை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அங்கே என்ன செய்கிறாள் என்றால், ஊரார் பேசியதைக் காகிதத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். மனிதர்கள் தங்களைப் பற்றி எப்போது வாய் திறக்கிறார்கள், எவ்வளவு சொல்கிறார்கள், சொன்னபிறகு என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் பேராசிரியையின் ஆராய்ச்சி. மேசையில் மூன்று நிறக் கோப்புகள் இருக்கும். பச்சையில் ஆலோசகரும் அவரிடம் வருபவரும் பேசியது. நீலத்தில் ஆசிரியர்கள் வகுப்பில் பேசியது. சிவப்பில் கணவனும் மனைவியும் தனித்தனியே கொடுத்த பேட்டிகள். ஒவ்வொரு வரியாகப் படித்து, பேசுகிறவர் தன்னைப் பற்றி எதையாவது வெளியிட்டிருந்தால் ஓரத்தில் 'தன்' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் ஒரு கோடு. ஒரே பிரதியை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்போம். ஒத்துப்போகாத வரிகளை வெள்ளிக்கிழமை பேராசிரியை முன்னால் வைத்து வாதாடித் தீர்ப்போம்.

எனக்கு இணையாகக் குறிப்பவளைக் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். சோடாப் புட்டி கண்ணாடி. ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு கணக்கு வாத்தியார், தான் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றதை ஒருநாள் வகுப்பில் சொல்லிவிட்டார். அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஏழு சந்தேகங்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒன்றுகூட இல்லை. சிவப்புக் கோப்பு வேறு மாதிரி. "நான் சொல்லல, அவரும் கேக்கல" என்ற வாக்கியம் இதுவரை பதினொரு பேட்டிகளில் வந்துவிட்டது. கண்ணாடி அதற்கு ஒரு ரப்பர் முத்திரை செய்துவிடலாம் என்கிறாள்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

படிப்பின் ஒரு பகுதியாக வாரம் ஒருநாள் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லப் போகிறேன். எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று உன்னிடமும் எழுதக் கூடாது. ஒரு பெண் வருகிறாள், பதினாலு வயது, இரட்டைப் பின்னல். அவளுடைய அம்மா மனநல மருத்துவமனையில் இருக்கிறார். வகுப்பில் எல்லாரிடமும் அம்மா வேலை விஷயமாக வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அவளிடம் நான் சொன்னது இது: "அப்படி ஒண்ண சொல்லிட்டா, அப்புறம் அம்மாவப் பாக்கப் போறதுக்குக்கூட நமக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போகவேண்டி வந்துடும்." உனக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நமக்கு என்று வந்துவிட்டது. அந்தப் பெண் பின்னலைத் திருகுவதை நிறுத்திவிட்டு, "நமக்கா? உங்களுக்குமா மிஸ்?" என்று கேட்டாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். உண்மையில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் மட்டும் எல்லாத்தையும் சொல்லணும். நீங்க கடிகாரத்த பாப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த வாரம் வரவில்லை.

உன் கல்யாணத்துக்கு முன் அப்பா நம் இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? "யார் கேட்டாலும், மூணு நாள் காய்ச்சல், போயிட்டாங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒருத்தனும் கேக்கமாட்டான்." அப்பா சரியாகத்தான் சொன்னார். ஒன்பது வருடமாக ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்திலும் தாய் என்ற இடத்தில் காலமானார் என்றுதான் எழுதினேன். இப்போது அப்பாவும் இல்லை. அவர் உண்மையாகவே போனார்.

அம்மாவைச் சென்ற சனிக்கிழமை மனநல மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். வீட்டார் ஒருவரும் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் போதுமாம். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்யமாட்டேன். இது நாம் இருவரும் சேர்ந்து சொன்ன பொய். நான் மட்டும் தனியாக அவிழ்க்க முடியாது. அந்தப் பெண்ணுக்காவது ஒரு வார்த்தை சொல்லலாமா? பதில் போடு.

குட்டிக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் வாயில்லாப் பூச்சி


அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு வரி. நான்கிலும் 'வேண்டாம்' இருந்தது. வரி எண்ணுவதுதானே என் பிழைப்பு, எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நீ எழுதியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். 'நாளைக்குக் குட்டி கோபத்தில் ஒரு தட்டைத் தூக்கிப் போட்டால்கூட, பாட்டி ரத்தம் பேசுது என்பார்கள்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. உன் மாமியார் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் நீ. நான் வருடத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவள்.

ஆனாலும் அக்கா, நான் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாளே. கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

எங்களிடம் வரும் ஒலிப்பதிவுகளை, என் பள்ளிப் பேச்சுகள் உட்பட, தட்டச்சு செய்து, பெயரை எடுத்து, எண் போட்டுக் கலைத்துத்தான் கொடுப்பார்கள். போன வாரம் எனக்குக் கிடைத்த பதினேழாம் எண் பிரதியை நாலு வரி படித்ததும் கை நின்றுவிட்டது. அது என் குரல். அந்தச் செவ்வாய்க்கிழமை. தெரிந்தவருடைய பேச்சு வந்தால் உடனே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது விதி. நான் ஒதுக்கவில்லை. நாற்பத்திரண்டாவது வரியில்தான் அந்த 'நமக்கு' இருந்தது. அதற்கு நேரே ஒரு கோடு போட்டேன். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். மற்ற எந்த வரிக்கும் அவ்வளவு நேராகக் கோடு போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பிரதிகளை ஒப்பிட்டபோது, கண்ணாடி அதே வரிக்கு 'தன்' என்று எழுதியிருந்தாள். நான் வாதாடினேன். என்னைப் பார்த்திருந்தால் நீ நம்பியிருக்கமாட்டாய். அது சும்மா பேச்சு வழக்கு, பரிவுக்குச் சொல்வது என்றேன். பேராசிரியையும் என் பக்கம் சாய்ந்தார். "டாக்டர்கூட 'நமக்கு சுகர் இருக்கா'ன்னுதான் கேக்கறார். அவருக்கா சுகர்?" என்றார். "அவருக்கும் இருக்கலாம் மேடம், ஆளு குண்டாத்தான் இருக்கார்" என்றாள் கண்ணாடி. பேராசிரியை சிரிக்கவில்லை.

பிறகு கண்ணாடி பிரதியை மூக்குக்கு அருகே கொண்டுபோய் மெதுவாகப் படித்தாள். "அடுத்த வரியப் பாருங்க மேடம். பொண்ணு 'உங்களுக்குமா'ன்னு கேக்குது. பதில் இல்ல. ஒன்பது நொடி மௌனம்னு போட்டிருக்கு. அப்புறம் 'நேரமாயிடுச்சு'. பரிவுக்குச் சொன்னவ ஒன்பது நொடி ஏன் முழிக்கணும்? இந்தக் கவுன்சிலர் யாரோ பாவம், கதவைத் தொறந்ததும் அவதான், அடுத்த நிமிஷம் சாத்திக்கிட்டதும் அவதான்."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவளுக்குத் தெரியாது. அந்த 'பாவம்'தான் என்னால் தாங்க முடியவில்லை. அது நான்தான், என் அம்மா உயிரோடு இருக்கிறாள், மனநல மருத்துவமனையில் இருக்கிறாள் என்று சொன்னேன். மூன்று வாக்கியம். குரல் கீச்சென்று வந்தது.

பேராசிரியை முதலில் திட்டினார். "உன் பதிவ நீயே குறிச்சியா? அதுவும் தப்பாவா?" என்றார். நியாயமான திட்டு. பதினேழாம் எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்தார். ஒன்று குறைந்துவிட்டதே என்று தனக்குள் முணுமுணுத்தார். கதவு வரை போய்த் திரும்பி, "அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் பாக்கி வச்சிருக்கே. ஒரு வரிதான் சொல்லணும். உன் மூட்டைய அவ தலைல இறக்கிடாத" என்றார்.

கண்ணாடி தன் பிரதிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டினாள். கடைசியில், "ரெண்டு வருஷமா உனக்கு அம்மா இல்லையேன்னு, எங்கம்மாவப் பத்தி உன் முன்னாடி ஒரு ஜோக்கும் அடிக்காம இருந்தேன். எத்தன ஜோக்கு வீணாப் போச்சு தெரியுமாடி?" என்றாள். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அன்று மாலைக்குள் ஆறு ஜோக் சொன்னாள். நான்கு நன்றாக இருந்தன.

இந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளியில் வகுப்பாசிரியை அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பியிருந்தார். அவள் வந்து, மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நீ அன்று கேட்டதற்குப் பதில் ஆமாம் என்றேன். ஏன், எப்படி, எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்பாள் என்று பயந்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "இப்ப நல்லா இருக்காங்களா?" நல்லா இருக்காங்க என்றேன். உடனே அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். முழு நேரமும் பேசினாள். அதை உனக்கு எழுத முடியாது. எழும்பும்போது மட்டும், "வெளியூர்னு நான் சொல்லி வச்சிருக்கறது எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்க. நீங்களும் ஏதாவது சொல்லி வச்சிருப்பீங்கல்ல? அது உங்கம்மாவுக்குத் தெரியுமா மிஸ்?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

அக்கா, நாம் ஊருக்கெல்லாம் சொன்னதை அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை. மாதாமாதம் அவள் எதிரே உட்கார்ந்து நீ சுகம், குட்டி சுகம் என்கிறேன். நீ ஏன் வருவதில்லை என்று அவளும் கேட்பதில்லை. சிவப்புக் கோப்பில் குறிக்க வேண்டிய குடும்பம் நம்முடையது. அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரியும். இதைப் பிரிக்காமல் கிழித்துவிடாதே.

சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் இப்போது மருத்துவமனையில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இரும்பு அலமாரிகள், வார்டு எண் அச்சடித்த விரிப்புகள், சோப்புத் தூள் வாசனை. வேலை முடியாமல் வெளியே வரமாட்டேன் என்றாள். அதனால் நானும் உள்ளே போய் விரிப்பு மடிக்கக் கூடவே நின்றேன். இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில். நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்போம், விலகுவோம், மறுபடி நெருங்குவோம். மூன்றாவது விரிப்பில் சொன்னேன். அக்கா கல்யாணத்துக்காக நீ இறந்துவிட்டதாகச் சொன்னோம், இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று.

அவள் விரிப்பை விடவில்லை. நெருங்கி வந்தாள், முனைகளை என் கையிலிருந்து வாங்கினாள், நாலாக மடித்தாள், அலமாரியில் வைத்தாள், மேலே கையால் நீவினாள். பிறகு, "எதுல செத்தேன்?" என்று கேட்டாள்.

காய்ச்சல் என்றேன்.

"எத்தன நாளு?"

மூன்று நாள் என்றேன்.

"மூணே நாளா? கௌரவமாத்தான் அனுப்பி வச்சிருக்கீங்க. ரொம்ப இழுக்கல" என்றாள். சிரித்தாள், அக்கா. நம் அம்மாவின் அந்தப் பழைய சிரிப்பு, உதட்டின் ஒரு பக்கம் மட்டும். நான் அழுதேன். "ஏண்டி, செத்தது நானு, நீ ஏன் அழற?" என்று என் முகத்தை அங்கே கிடந்த தலையணை உறையால் துடைத்தாள். அது துவைத்து வைத்த உறை. அதை மறுபடி அழுக்குக் கூடையில் போட்டாள்.

உங்கப்பா வேலையா இது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்த மனுஷன் வேற என்னதான் பண்ணுவார்? பொண்ணக் கட்டிக் குடுக்கணும்ல" என்றாள். அதற்குமேல் அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. உன்னையும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவள் எப்படிச் சொன்னாள், அழுதுகொண்டா சொன்னாள் என்று மட்டும் கேட்டாள். நீ கல்யாணத்தன்று காலை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றதைச் சொன்னேன். ரொம்ப நேரம் நின்றாளா என்று கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் சிக்கல் வந்தது. மருத்துவரின் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அம்மா போடவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டாள். "செத்தவ எழுந்து வந்தா பெரியவ குடும்பம் என்னத்துக்கு ஆகும்? பேத்திக்கு நாளைக்குப் பேச்சு வரும். எனக்கு இங்க என்ன கொற? நூத்தி இருபது விரிப்பு என்னை நம்பி இருக்கு" என்றாள். உங்கள் பெண் வாழும் ஊர் வேறு, நீங்கள் இருக்கப்போகும் ஊர் வேறு என்று மருத்துவர் எடுத்துச் சொன்னார். நான் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், உனக்கும் அதே பிடிவாதம்தான். கடைசியில் இவ்வளவு சொன்னாள்: "பெரியவ வாயால வான்னு சொல்லட்டும். இல்ல, எழுதிப் போடட்டும். அப்ப வரேன். அவளுக்கு இஷ்டமில்லாம நான் உசுரோட வரமாட்டேன்."

இந்த மருத்துவர் மாத முடிவில் மாற்றலாகிப் போகிறார். புதிதாக வருகிறவர் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்வாராம். அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது.

நீ உன் வீட்டில் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமியாரிடம் சொல்வதா, மாமாவிடம் மட்டும் சொல்வதா, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் உன் உரிமை. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் படித்த எந்தப் பிரதியும் சொல்லவில்லை. சில வீடுகளில் சொன்னபிறகு பேச்சே நின்றிருக்கிறது. என்னால் உனக்கு எந்த உறுதியும் தர முடியாது. நான் சொல்லாமல் வைத்திருந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அது உனக்கும் தெரியும்.

கட்டில் வாங்கிவிட்டேன். சன்னலோரம் போட்டிருக்கிறேன். அறைக்கு வெளியே நாலு படி இருக்கிறது, கைப்பிடி இல்லை. வீட்டுக்காரரிடம் என் அம்மா வரப்போகிறார், கைப்பிடி வேண்டும் என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை ஒரு வேற்று மனிதரிடம் சொல்வது எவ்வளவு சாதாரணமாக இருந்தது தெரியுமா? அவர், "சரிம்மா, ஆள அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான்.

நீயும் மாமாவும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு எந்தப் பேச்சும் வரக் கூடாது. நான் தினமும் நினைப்பது இதுதான், நம்பு.

அம்மாவின் முகவரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் கொஞ்சம் பெரிதாக எழுது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் தவிக்காதே. மேலே 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பு, அக்கா. மற்றதை அவள் படித்துக்கொள்வாள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை